குளத்துக்கு ஒரு சர்டிபிகேட்

மேலக்கண்டிகை காலனிக்கு அந்த நீல பைபர் தொட்டி டிராக்டரில் வந்து சேர்ந்த அன்று, கரண்டு கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க நான்கு பேர் மூங்கில் கழிகளோடு முன்னால் நடந்தார்கள். ஊர்த் தேருக்குக்கூட இத்தனை மரியாதை நடந்ததில்லை. இருபத்திரண்டு அடி நீளம், பத்தடி அகலம். கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் என்ன இது என்று கேட்டார்கள். டிராக்டரின் மட்கார்டுமேல் உட்கார்ந்திருந்த முனியப்பன் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"கொளம்."

குளத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற ஆளை ஊர் அதுவரை பார்த்ததில்லை. குளம் என்றால் இருக்கிற இடத்தில் இருக்கும். நாம்தான் அதனிடம் போகவேண்டும், அதுவும் போகவிட்டால்.

முனியப்பன் போகவிடாத குளத்தின் பக்கத்தில் வளர்ந்தவர். மேலக்கண்டிகையில் ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி பள்ளத்தில் இருக்கிறது, நடுவில் கோயில் குளம். குளம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. நாலு பக்கம் படிக்கட்டு கட்டிய குட்டை அது. பதினோரு வயதில் ஒரு சித்திரை மத்தியானம், யாரும் இல்லை என்று நினைத்து முனியப்பன் அதில் குதித்தார். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நீந்தியும் விட்டார். அந்தக் கரையில் வரதராஜன் நின்றிருந்தார். அவருக்கும் அப்போது பதினோரு வயதுதான், ஆனால் ஊர்த் தலைவரான சர்பஞ்சின் மகன். வரதராஜன் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார்.

ஊர் கூடிப் பேசிக் குளத்தை இறைத்துவிடுவது என்று முடிவு செய்தது. ஒரு பையன் ஒரு தடவை குதித்ததற்காக மொத்தத் தண்ணீரையும். இறைக்கச் சொன்னது முனியப்பனின் அப்பாவை, அவருடைய நைனாவை. ஏற்றம் கட்டி மூன்று நாள் இறைத்தார் மனிதர். நாலாம் நாள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்த மீனையெல்லாம் ஊர்க்காரர்கள் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீருக்குப் பிடித்த தீட்டு மீனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம் நாற்பது வருடம் முனியப்பன் எந்தத் தண்ணீரிலும் முழங்காலுக்குமேல் இறங்கவில்லை. பிறகு சத்தியவேட்டைச் சுற்றிக் கம்பெனிகள் வந்தன. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டால் மழையும், நெல் நட்டால் வெயிலும் வருகிற பூமியில் கார் பாகம் செய்தார்கள், செருப்பு செய்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். வெளிநாட்டு ஆபீசர்கள் தங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார்கள். அங்கே தோட்ட வேலைக்குப் போன முனியப்பனிடம் ஒரு நாள் நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். அது பொய்யும் இல்லை. அன்றிலிருந்து நீச்சல் குளம் அவர் பொறுப்பு.

சொல்லிக்கொடுத்தவர் தனாகா என்கிற ஜப்பான்காரர். காலனியில் ஒரே வாரத்தில் அது தணிகா சார் ஆகிவிட்டது. ஜப்பானில் பிறந்த பிள்ளைக்குத் திருத்தணி சாமி பேரை யார் வைத்தது என்று முனியப்பனின் மனைவி செல்லியம்மாள் ரொம்ப நாள் யோசித்தாள். தணிகா சாருக்குத் தமிழில் இருபது வார்த்தை தெரியும், இங்கிலீஷில் முப்பது. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டே முழுத் தொழிலையும் சொல்லிக்கொடுத்தார்.

"தண்ணி மாத்தாதே. தண்ணி கழுவு."

"தண்ணியால மத்தத கழுவுவாங்க. தண்ணியவே கழுவறதா?" என்று முனியப்பன் சிரித்தார்.

கழுவலாம் என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. மோட்டார் தண்ணீரை இழுத்து மணல் பில்டருக்குள் விட்டு வடித்துத் திருப்பி அனுப்பும். இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் மஞ்சள் சொட்டு, இன்னொன்றில் சிவப்புச் சொட்டு விட்டால், தண்ணீர் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தானே சொல்லும். குளோரின் குறைந்தால் போட வேண்டும். குளோரின் நாற்றம் மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகம் என்று அர்த்தம் இல்லை. எவனோ உள்ளே மூத்திரம் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். இதைத் தணிகா சார் நடித்தே காட்டினார்.

காலி செய்யவே கூடாது என்பதற்கு ஒரு வாளியும் டம்ளரும் எடுத்துவந்தார். காலி டம்ளரை வாளித் தண்ணீரில் விரலால் அமுக்கிப் பிடித்தார். விரலை எடுத்ததும் டம்ளர் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. "பைபர். வெயிட் இல்லை. உள்ளே தண்ணி இருந்தா உக்காரும். மழைக்காலம், கீழே தண்ணி. உள்ளே காலி..." என்று சொல்லி, கையை விமானம் மாதிரி மேலே தூக்கிக் காட்டினார்.

முனியப்பனுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஷவர் சட்டம்தான். குளத்தில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஓரத்துக் குழாயில் நின்று குளித்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். ஒரு தடவை ஜப்பானிலிருந்து கம்பெனியின் பெரிய தலையே வந்து நேராக இறங்கப் போனார். முனியப்பன் குழாயைக் கை காட்டினார். பெரிய தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போய்க் குளித்தார். அன்றைக்கு முனியப்பனுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஆறு வருடம் கழித்து ஆபீசர்கள் எல்லாம் சென்னையில் பிளாட் பிடித்துக்கொண்டு போனார்கள். கெஸ்ட் ஹவுஸை இடித்தார்கள். தொட்டியை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போடலாம் என்று பேச்சு வந்தபோது முனியப்பன் தணிகா சார் முன்னால் போய் நின்றார். தணிகா சார் தன் இருபது தமிழ் வார்த்தைகளில் ஒன்றைச் செலவு செய்தார். "எடுத்துக்கோ."

காலனியின் கடைசியில் அரசாங்கம் கொடுத்த அரை ஏக்கர் இருந்தது. அதில் குழி தோண்டி, மணல் பரப்பி, தொட்டியை இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஒரு அடி ஏறினால் வெளியே சந்தில் மணல் ஒரு அடி ஏறவேண்டும், இல்லாவிட்டால் சுவர் பிதுங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆனது. மோட்டாரும் பில்டரும் மாட்டி, ஓரத்தில் ஷவர் குழாய் நட்டு, சுற்றிலும் பச்சை வலை கட்டினார். தண்ணீரில் வானம் தெரிந்தது. செல்லியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ இன்னாய்யா இவ்ளோ நீலம், கண்ணு கூசுது" என்றாள். அவளுக்கும் பெருமைதான்.

டிக்கெட் இருபது ரூபாய் என்று வைத்தார். ஆனால் முனியப்பன் மனசில் இருந்தது டிக்கெட் இல்லை. ஊர் மேட்டிலிருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், இறங்கி வந்து தன் தண்ணீரில் கால் வைக்கவேண்டும். அதற்காகத்தான் அத்தனையும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செல்லியம்மாளுக்குச் சொல்லாமலே தெரியும்.

திறக்கிற நேரத்தில் பஞ்சாயத்து செக்ரட்டரி வந்து, சர்டிபிகேட் இல்லாமல் திறக்கக் கூடாது, மண்டல் ஆபீஸில் போய் வாங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். முனியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டல் ஆபீஸ் போனார். ஊர் தெலுங்கு மாநிலத்தில் இருப்பதால் அங்கே எல்லாம் தெலுங்கு. அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பேசுகிற தெலுங்கிலும் வார்த்தை முட்டினால் தமிழை உள்ளே தள்ளிக்கொள்வார். வீட்டில் கொளம் என்று சொன்னாலும், ஆபீஸ் என்பதால் நாக்கை நிமிர்த்திக் குளம் என்றே சொன்னார்.

"நா குளானிகி சர்டிபிகேட் காவாலண்டி." என் குளத்துக்கு சர்டிபிகேட் வேண்டும்.

குமாஸ்தா பிரபாகர் காதில் விழுந்தது குலம். தெலுங்கில் குலம் என்றால் ஜாதி. தினம் ஐம்பது பேர் அதைத்தான் கேட்டு வருகிறார்கள்.

"ஏ குலம்?" என்றார். எந்த ஜாதி?

"பைபர் குளம் சார்."

பிரபாகர் ஜாதி லிஸ்டை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். "பைபர்... பைபர்... லிஸ்ட்லோ லேதே. எஸ்.சி.யா, பி.சி.யா?" லிஸ்டில் அப்படி ஒன்று இல்லை.

மின்விசிறிச் சத்தத்தில் முனியப்பனுக்கு அது ஏ.சி.யா என்று கேட்டது. "ஏ.சி. எல்லாம் லேது சார். ஓப்பன்."

ஒதுக்கீடு இல்லாத மேல் ஜாதி என்று எடுத்துக்கொண்ட பிரபாகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓப்பனா?"

"ஓப்பன்தான் சார். மேல கூரைகூட லேது."

"தாதல நுஞ்சி வச்சிந்தா?" தாத்தா காலத்திலிருந்து வருவதா என்று கேட்டார் பிரபாகர், குழம்பிப்போய்.

"லேது சார். நேனே தெச்சினா. டிராக்டர்லோ." நானே டிராக்டரில் கொண்டுவந்தேன்.

பிரபாகர் பேனாவைக் கீழே வைத்தார். கடைசியாக எந்த ஊர் என்று கேட்டார். மேலக்கண்டிகை காலனி என்று முனியப்பன் சொன்னதும் எல்லாம் சுலபமாகிவிட்டது. காலனி என்ற ஒரு வார்த்தை போதும், மீதியைப் படிவத்தில் அவரே நிரப்பிக்கொண்டார். ஒரு போட்டோ கேட்டார். குளத்தின் போட்டோவைக் கேட்காமல் தன் போட்டோவைக் கேட்டது முனியப்பனுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஓனர் முகம் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் முத்திரை, கையெழுத்தோடு காகிதம் வந்தது. செல்லியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ப பத்மாவதி காலேஜுக்கு வாங்கினோமே, அந்த மாதிரியே கீது."

"கவர்மெண்டு காகிதம்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் முனியப்பன். பிரேம் போட்டுக் குளத்து வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் மாட்டினார். கவர்மெண்டு காகிதத்தை நின்று படிக்கக் காலனியில் யாருக்கும் தோன்றவில்லை.

காலனி முழுக்க வந்தது. ஆயுசில் தண்ணீரில் மிதந்திராத ஆட்கள் மிதந்தார்கள். பெண்களுக்குத் தனி நேரம். அதற்குச் செல்லியம்மாள் அதிகாரி. ஒருத்தர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார், திருப்பி அனுப்பப்பட்டார். ஒருத்தி துணி மூட்டையோடு வந்தாள். பக்கத்து வீட்டுத் தாமோதரன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்து, எருமைக்கும் டிக்கெட் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "குளிச்சிட்டு எறங்குங்க, குளிச்சிட்டு எறங்குங்க" என்று கத்திக் கத்தி முனியப்பனுக்குத் தொண்டை கட்டியது. குளிக்கத்தானே வந்தோம், குளிப்பதற்கு ஒரு குளியலா என்று காலனி முணுமுணுத்துக்கொண்டே குளித்தது.

ஊர் மட்டும் வரவில்லை. பைக்கில் போகிறபோது வலைக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் கொட்டிவிட்டு ஒரு திங்கட்கிழமை வெறித்தது. அன்று பதினோரு மணிக்கு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சேற்றில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, குளத்து வாசலில் வந்து நின்றார் வரதராஜன். இருபது வருடம் சர்பஞ்சாக இருந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில். நெற்றியில் நாமம், முட்டியில் பெல்ட்.

முனியப்பன் ஓடிப்போய் முன்னால் நின்றார். "வாங்க சாமி" என்றார். இந்த வார்த்தையை இனிமேல் சொல்லக் கூடாது என்று எத்தனையோ தடவை நினைத்திருந்தார். அது தானாக வந்துவிட்டது.

வரதராஜன் கண் பிரேமில் இருந்தது. படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு தடியைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"இன்னாடா முனியா இது?"

"கொளத்து சர்டிபிகேட்டு சாமி. தாசில்தார் கையெழுத்து போட்டுக்கீறாரு."

"கொளமா? குலமுடா, குலம்! ஜாதி சர்டிபிகேட்ட வாங்கி வாசல்ல மாட்டிக்கினு கீற. உன் பேரு, உங்கப்பன் பேரு, உன் ஜாதி, எல்லாம் கீது. ஊர்ல எவனும் ஏன் வரலன்னு பாத்தேன். இத்த படிச்சிட்டு எவன் வருவான்?"

தண்ணீருக்குள் இருந்த காலனிப் பசங்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜாதி தெரிந்துவிட்டதே என்று இல்லை. அது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? இரண்டு மாதமாகத் தினம் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாரே, அதை நினைத்துத்தான் அவமானமாக இருந்தது.

சிரித்து முடித்த வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். முட்டி தேய்ந்துவிட்டதாம். திருப்பதி டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டாராம். திருப்பதியில் ஒரு ஓட்டலில் அறை எடுத்து அங்கே இருந்த குளத்தில் மூன்று நாள் நடந்தாராம், வலி பாதி குறைந்ததாம். தினம் அவ்வளவு தூரம் போக முடியுமா?

"வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள இந்தத் தண்ணிய மொத்தமா எறச்சிட்டு, புதுசா ரொப்பி வை. காலனியே முங்கி எழுந்த தண்ணி பாரு, அதுக்குச் சொல்றேன். நான் எறங்கினா ஊரே எறங்கும். யோசிச்சிக்கோ." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

முனியப்பன் யோசிக்கவே இல்லை. "சரி சாமி" என்றார்.

சாயங்காலம் மகள் பத்மாவதிக்குப் போன் போட்டார். அவள் திருப்பதியில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். சர்டிபிகேட் கதையைக் கேட்டு முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். "எனக்கு வாங்கினப்ப இப்டி ஓப்பன்னு எழுதிக் குடுத்திருந்தான்னா என் படிப்பே போயிருக்கும் நைனா." அப்புறம் வரதராஜன் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. "அவரு வந்தது எங்க ஓட்டலுக்குத்தான். நான்தான் ரூம் போட்டுக் குடுத்தேன், என்ன அடையாளம் தெரில அவருக்கு. இந்தக் கொளத்துத் தண்ணிய நான் வேலைக்கிச் சேந்ததுலேர்ந்து மாத்தல நைனா. எந்தெந்த ஊரு ஜனமோ எறங்குது. அதுல மூணு நாளு குஷியா நடந்துட்டுப் போனாரு. ஒரு வார்த்த கேக்கல."

"அது வேற, இது வேற" என்று முனியப்பன் போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மோட்டாரைத் திருப்பி மாட்டிக் குழாயை வெளியே கால்வாய்ப் பக்கம் இழுத்தபோது செல்லியம்மாள் வந்து முன்னால் நின்றாள்.

"தணிகா சாரு இன்னா சொன்னாரு? மழைக்காலத்துல காலி பண்ணாதன்னு சொன்னாரா இல்லியா?"

"ஒரு நாளு. எறச்சிட்டு ஒடனே ரொப்பிடுவேன்."

"அன்னிக்கி உங்க நைனா எறச்சாரு. இன்னிக்கி நீ எறைக்கிறியா?"

முனியப்பனுக்குச் சுள்ளென்றது. "அன்னிக்கி நாம எறங்கினதுக்கு எறச்சாங்க. இன்னிக்கி அவரு எறங்கறதுக்கு எறைக்கிறேன். ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்யா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மோட்டார் ஓடியது. நீலச் சுவரில் தண்ணீர்க்கோடு மெல்ல இறங்கியது. மார்பளவு, இடுப்பளவு. நல்ல தண்ணீர் அது. காலையில்தான் சொட்டு விட்டுப் பார்த்திருந்தார். ஒரு குறை இல்லை. அது கால்வாயில் போய்ச் சேற்றோடு கலந்தது. ஏற்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நைனாவின் முதுகு ஞாபகம் வந்தது. மூன்று நாளும் அந்த மனிதர் மகனைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றியது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது தரைக்கடியில் யாரோ புரண்டு படுத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. சுற்றிப் போட்டிருந்த சிமெண்டுத் தளம் மளுக்கென்று விரிசல் விட்டது. அப்புறம், அவர் கண்ணெதிரே, தொட்டியின் ஒரு மூலை மெதுவாக, பூமியை விட்டு மேலே எழுந்தது. நாலு விரல். ஒரு சாண். விரிசலிலிருந்து செம்மண் தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கியது. வாளியில் துள்ளிய டம்ளர் இருபத்திரண்டு அடி நீளத்தில் கிளம்பிவிட்டது.

"ஐயோ, கொளம் போவுது, கொளம் போவுது!" என்று முனியப்பன் கத்தினார்.

எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே காலனி ஓடிவந்தது. மோட்டாரை நிறுத்தினார். ஆனால் நிறுத்தினால் போதாது, உள்ளே கனம் ஏறவேண்டும், உடனே. போர்வெல் தண்ணீர் விரல் மொத்தம்தான் வரும். செல்லியம்மாள்தான் கையை நீட்டிக் காட்டினாள். காலனி ஓரத்தில், கோயில் குளம் நிரம்பி வழிந்த தண்ணீர் ஓடைபோலப் போய்க்கொண்டிருந்தது.

தாமோதரன் தன் டீசல் இன்ஜினைத் தள்ளிக்கொண்டு வந்தார். குழாயை ஓடையில் போட்டுக் கயிற்றைச் சுண்டினார்கள். இன்ஜின் மூன்று தடவை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அது போதாதென்று குடம், வாளி, குண்டான், ஒரு வீட்டிலிருந்து பொங்கல் அண்டா. வரிசையில் நின்று கைமாற்றி மாற்றி ஊற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் இடுப்பளவு ஏறியது. மூலை ஒரு தடவை முனகிவிட்டு அப்படியே நின்றது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் போகவில்லை. விளிம்பு தொடும்வரை ஊற்றிவிட்டுத்தான் இன்ஜினை நிறுத்தினார்கள்.

எழுந்தது ஈசானிய மூலை. வாஸ்து தெரிந்தவர்கள் உச் கொட்டினார்கள். காளஹஸ்தியில் பரிகாரம் செய்யச் சொல்லி ஒருத்தர் யோசனை சொன்னார். முனியப்பன் எதையும் காதில் வாங்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார். குளம் நிறையக் கலங்கல் தண்ணீர், காபி நிறத்தில். அதில் ஆலிலையும் ஒரு செவ்வந்தி மாலையும் மிதந்தன.

அவர் அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். செல்லியம்மாள் பயந்துபோனாள்.

"இன்னாய்யா?"

"கோயில் கொளம்டீ. எந்தத் தண்ணியில எறங்கினேன்னு எறச்சாங்களோ, அந்தக் கொளம். நடந்து நம்ப ஊட்டுக்கு வந்துக்கீது." சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு எழுந்து கண்ணாடிக் குழாய்களை எடுத்து வந்தார். மஞ்சள் சொட்டு விட்டார், குளோரின் துளிகூட இல்லாததால் நிறமே வரவில்லை. "சாமி குளிக்கிற தண்ணின்னு பேரு. இத்தினி அழுக்கு நான் பாத்ததே இல்ல."

மூன்று நாள் அவர் அந்தத் தண்ணீரைக் கழுவினார். படிகாரம் கரைத்து விட்டார், சேறு அடியில் தங்கியது. அதைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார். ஊர்த் தண்ணீர் என்பதால் மருந்து இரண்டு பங்கு. பில்டரை நாளுக்கு நாலு தடவை அலசினார். புதன்கிழமை டீ நிறத்துக்கு வந்தது, வியாழக்கிழமை மோர்த்தண்ணி மாதிரி ஆனது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது அடியில் விழுந்து கிடந்த பத்து பைசாகூடத் தெரிந்தது. மூலை தூக்கியிருந்ததால் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, இன்னொரு பக்கம் ஒரு சாண் குறைந்து நின்றது. மற்றபடி குளம் குளமாக இருந்தது.

ஆறு மணிக்கு முனியப்பன் தாமோதரனையும் அண்டா தூக்கிய ஆட்களையும் கூப்பிட்டார். நிரப்பினவர்கள் முதலில் இறங்கட்டும் என்றார். அவர்கள் முணுமுணுக்காமல் ஷவரில் குளித்துவிட்டு இறங்கினார்கள்.

எட்டு மணிக்கு வரதராஜன் வந்தார், தோளில் டர்க்கி டவலோடு. தண்ணீருக்குள் ஏழெட்டுத் தலைகள் தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"இவங்க எப்ப எறங்கினாங்க?"

"காலைல சார். இவங்கதான் ரொப்பினாங்க." கெஸ்ட் ஹவுஸில் எல்லோரையும் கூப்பிட்ட வார்த்தை அது. இந்தத் தடவை அது தானாக வந்தது.

"நான் புதுத் தண்ணி கேட்டேன் முனியப்பா."

"புதுசுதான் சார். உங்க கோயில் கொளத்துத் தண்ணி."

வரதராஜன் முகம் மலர்ந்தது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது. "சாமித் தண்ணியா?"

"ஆமா சார். ரொம்ப அழுக்கு. மூணு நாளாக் கழுவினேன்." தாமோதரன் சிரித்ததில் வாய் நிறையத் தண்ணீர் போய்ப் புரையேறியது. முனியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்துக் குழாயைக் கை காட்டினார். "அங்க குளிச்சிட்டு வந்து எறங்குங்க சார்."

"ஊட்ல குளிச்சிட்டு, பூஜகூட முடிச்சிட்டுத்தான் வர்றேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க சார். எண்ணெ, வேர்வ எதுவும் தண்ணியில எறங்கக் கூடாது. நெத்தியில கீறதயும் நல்லாத் தேச்சிடுங்க, பில்டர் அடச்சிக்கும். ஜப்பான் மொதலாளியே குளிச்சிட்டுத்தான் எறங்கினாரு."

வரதராஜன் தண்ணீரைப் பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். திருப்பதி எவ்வளவு தூரம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியாக வாசலில் இருந்த பிரேமைப் பார்த்தார். "அந்தக் காகிதத்தயாச்சும் எடுத்து உள்ள வைக்கக் கூடாதா? வர்றவங்க படிப்பாங்க இல்ல?"

"படிக்கட்டும் சார். சர்டிபிகேட்டு இல்லாம தொறக்கக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிக்கீறாரு."

பில்டர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரதராஜன் கைத்தடியை முனியப்பனிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டார். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்துபோய்க் குழாயடியில் நின்றார். ஐப்பசித் தண்ணீர் தலையில் விழுந்ததும் உடம்பு தூக்கிப் போட்டது. நாமம் கரைந்து மூக்கு வழியாக வழிந்தது.

"போதுமா?" என்று கேட்டார்.

"முதுவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் சார்."

முனியப்பன் அவசரப்படுத்தவில்லை. நன்றாகக் குளிக்கட்டும் என்று, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு குளத்தோரத்தில் நின்றார்.